ஹனோவர் ஹெரன்ஹவுசன் தோட்டம்: முட்டி வலி அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

கடைசிபெஞ்ச்

வணக்கம் மக்களே. பிரவுன்ஷ்வைக்ல வேலைக்கு வந்து எட்டு மாசம் ஆகுது. அம்மா தஞ்சாவூர்ல இருந்து வந்திருக்காங்க, மே கடைசி வரைக்கும் இருப்பாங்க. அடுத்த வாரம் ஹனோவர்ல எனக்கு ஒரு வேலை, பன்னெண்டு மணிக்கு முடிஞ்சிடும். மத்தியானம் அவங்களை ஹெரன்ஹவுசன் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமான்னு யோசனை.

ஆபீஸ்ல ஒருத்தர் "அந்தக் காலத்து ராஜா தோட்டம், ஜெர்மனியில பரோக் தோட்டம்னா அதுதான்"னு ஆஹா ஓஹோன்னாரு. (பரோக்னா 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ராஜாக்களோட ஆடம்பரப் பாணி.) இன்னொருத்தர் "பச்சைச் சுவருக்கு நடுவுல நேரா நடக்கணும், முடிவுல திரும்பணும், மறுபடி நேரா நடக்கணும், அவ்வளவுதான்"னாரு. அம்மாவுக்கு வயசு 66, முட்டி வலி உண்டு. கோயில் பிராகாரம்னா எத்தனை சுத்து வேணும்னாலும் வருவாங்க, மால்ல பத்து நிமிஷம் நடக்க மாட்டாங்க. தோட்டம் இதுல எந்தக் கணக்குல வரும்னு தெரியல. போய்ப் பார்த்தவங்க சொல்லுங்க.

சந்தேகப்பிராணி

நான் பிப்ரவரியில போனேன். நீரூற்று எதுவும் ஓடல. பூ ஒண்ணுகூட இல்ல. சரளைக்கல் பாதை, அரக்கு நிறத்துல காஞ்ச வேலி, நடுநடுவுல வெள்ளை வெள்ளையா கிரேக்க சாமி சிலைகள். பெரிய சைஸ்ல ஒரு ஜியாமெட்ரி நோட்டுக்குள்ள நடந்த மாதிரி இருந்துச்சு.

மே மாசம் கொஞ்சம் பரவாயில்லையா இருக்கலாம். ஆனா ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் மாதிரி நினைச்சுட்டு போனா ஏமாற்றம்தான். இது தோட்டம் இல்ல, சலூன். ஒரு செடியையும் அதன் இஷ்டத்துக்கு வளர விடல.

லைனக்கரை

தம்பி, ஓம், கூட்டிக்கொண்டு போங்கோ. நான் ஹனோவருக்கு வந்து முப்பத்திரண்டு வருசம். அந்தத் தோட்டத்துக்கு வருசக் கார்ட் வைச்சிருக்கிறன், மாசத்தில ரெண்டு தரமாவது போவன். உவர் பிப்ரவரியில போயிட்டு பூ இல்லை எண்டு குறை சொல்லுறார். பங்குனியில மாங்காய் இல்லாட்டிக் குறை சொல்லலாம், மார்கழியில சொல்ல ஏலுமே?

முதல் விசயம், நேரம். கோடைக்காலத்திலயும் நீரூற்றுகள் நாள் முழுக்க ஓடாது. காலமை கொஞ்ச நேரம், பேந்து பின்னேரம் கொஞ்ச நேரம். கிழமை நாளில பின்னேரம் மூண்டு மணியை ஒட்டித் துவங்கும், எதுக்கும் போற அண்டைக்கு ஒருக்கா அவையின்ர இணையதளத்தைப் பாருங்கோ. காத்து பலமா அடிச்சா பெரிய நீரூற்றை நிப்பாட்டிப் போடுவினம். அது ஓடாத நேரம் போறது, தேர் கொட்டகையில நிக்கேக்க திருவிழா பார்க்கப் போறது மாதிரி.

ரெண்டாவது, நடை. பெரிய தோட்டம் மட்டும் 50 ஹெக்டேர், ஏக்கரில 124 கிட்ட வரும். நிலம் மட்டம், மேடு பள்ளம் இல்லை, முட்டிக்கு அது நல்லது. ஆனால் பாதை முழுக்கச் சரளைக்கல், செருப்பு போட்டா கல்லு உள்ள போகும். சப்பாத்து போடச் சொல்லுங்கோ. வாங்கில் கனக்க இருக்கு. முழுக்கச் சுத்த வேணும் எண்டு நினைக்காதேங்கோ. வாசலுக்குக் கிட்ட இருக்கிற பெரிய பாத்தி, அதுக்குப் பக்கத்தில செடிவேலியால கட்டின நாடக மேடை, நேரா நடந்து போய் பெரிய நீரூற்று. இது மூண்டும் காணும்.

அந்த நாடக மேடையை வடிவாப் பாருங்கோ. 1690ஆம் ஆண்டளவில செய்தது. பக்கச் சீலைக்குப் பதிலா வேலி, நடிகர் மாதிரி ரெண்டு பக்கமும் பொன் பூசின ஈயச் சிலைகள். மேடை உள்ளுக்குப் போகப் போக ஒடுங்கும், அதால இருக்கிற நீளத்தை விடக் கூடத் தெரியும். இப்பவும் கோடையில அதில நாடகம் போடுகினம்.

பெரிய பாத்தியைத் தரையில நிண்டு பார்த்தா ஒண்டும் விளங்காது. அது மேல இருந்து பார்க்கிறதுக்குப் போட்ட வடிவம். அரண்மனைக்காரர் மாடி யன்னலால பார்ப்பினம். நீங்கள் காஸ்கேட், அதாவது தண்ணி விழுற அலங்காரச் சுவர், அதின்ர பக்கத்தால மேல ஏறினா விளங்கும். படிதான், அம்மாவுக்கு ஏலாட்டி நீங்கள் ஏறிப் படம் எடுத்துக் காட்டுங்கோ.

வழி சுகம். ஸ்டேஷனால க்ரோப்கே சந்திக்கு அஞ்சு நிமிச நடை. அங்க நிலத்துக்குக் கீழ 4 இல்லாட்டி 5ஆம் நம்பர் ட்ராம். ஹெரன்ஹொய்சர் கேர்ட்டன் எண்ட தரிப்பில இறங்கினாச் சரி.

பாரிஸ்வாசி

நான் பிரான்சில் வெர்சாய் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். ஹெரன்ஹவுசனும் போயிருக்கிறேன். வெர்சாய் ராட்சசன். வளாகம் மொத்தம் 800 ஹெக்டேர். பெரிய கால்வாய் மட்டுமே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். அங்கே முட்டி வலிக்காரர்களைக் கூட்டிப் போவதே பாவம்.

ஆனால் அங்கே இருந்த பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயிக்கும் தண்ணீர் பெரிய தலைவலி. இவ்வளவு நீரூற்று கட்டினானே தவிர எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டத் தண்ணீர் கிடையாது. ராஜா நடந்து வரும்போது தோட்டத்து ஆட்கள் ஒருவருக்கொருவர் விசில் அடித்துச் சொல்லிக்கொள்வார்கள். அவர் கிட்டே வந்ததும் திறப்பார்கள், தாண்டிப் போனதும் மூடுவார்கள். செய்ன் ஆற்றிலிருந்து தண்ணீர் ஏற்ற 1684-ல் மார்லியில் 14 சக்கரம் வைத்த ராட்சத இயந்திரம் ஒன்றைக் கட்டினார்கள். அதன் இரைச்சல் ஊரைத் தூங்கவிடவில்லை. அப்படியும் போதவில்லை.

ஹெரன்ஹவுசனை வளர்த்த, ஹனோவர் ஆட்சியாளரின் மனைவியான சோஃபி இளவரசி 1679-ல் பிரான்சுக்கு வந்து அந்த ராஜாவையே பார்த்துவிட்டுப் போனவள். ராஜாவின் தம்பி மனைவி அவளுடைய அண்ணன் மகள். ஊருக்குப் போய்ப் பிரெஞ்சுத் தோட்டக்காரர் மார்ட்டின் ஷார்போனியேவை வைத்து வேலை வாங்கினாள். ஆனால் வெர்சாயின் நகல் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். மூன்று பக்கமும் அகழி ஓடுகிறதே, அது டச்சுப் பழக்கம். அவள் பிறந்தது டென் ஹாகில். அகழிக்கு அங்கே சொல்லும் பெயரே டச்சுச் சொல்தான், கிராஃப்ட்.

சந்தேகப்பிராணி

அகழி, ராஜா, விசில் எல்லாம் சரி. ஒரு கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்க. நீரூற்று 70 மீட்டருக்கு மேல போகுதுன்னு பெருமையா எழுதுறாங்க. மின்சார மோட்டார் வெச்சா யார் வேணா அனுப்பலாம். இதுல பரோக் எங்க வந்துச்சு?

பம்ப்செட்

ஏனுங்க, இது நம்ம ஏரியா, வழி விடுங்க. கோயமுத்தூர்ல இருபது வருஷம் பம்ப் டெஸ்டிங்ல இருந்தவன். ஹனோவர் தொழிற்கண்காட்சிக்கு வந்தப்ப ஒரு சாயங்காலம் அங்க போனேன். மத்தவங்க சிலையைப் பார்த்தாங்க, நான் அந்த ஒரு தண்ணிக் கம்பத்தை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்துட்டு வந்தேன்.

மொதல்ல அடிப்படை. மாடி டேங்க்ல இருந்து வர்ற குழாய் கீழ உடைஞ்சா தண்ணி எவ்வளவு உசரம் எழும்பும்? டேங்க்ல நிக்கிற மட்டத்துக்கு மேல ஒரு இஞ்ச்கூட எழும்பாது. நிசத்துல அதைவிடக் கம்மிதான், குழாய் உராய்வு, காத்துன்னு தின்னுடும். ஆக நீரூற்று உசரமா போகணும்னா மலை வேணும். காசெல் ஊர்ல மலை இருக்கு, அங்க 50 மீட்டர் நீரூற்றை இன்னைக்கும் மோட்டார் இல்லாம மலைத் தண்ணியாலயே ஓட்டறாங்க. ஹனோவர்ல மலை ஏதுங்க? தோசைக்கல்லு மாதிரி மட்டம். இருக்கறது லைன ஆறு ஒண்ணுதான், அதுவும் சாவகாசமா போற ஆறு.

அப்ப ஆத்தை அணை போட்டு, அந்த விழுற தண்ணியில சக்கரத்தைச் சுத்தவெச்சு, சக்கரத்தால பிஸ்டன் பம்பை இயக்கி, நேரடியா குழாய்க்குள்ள அழுத்தத்தை ஏத்தணும். சொல்றதுக்கு ரெண்டு வரி. 1700 வாக்குல குழாய் இணைப்பு அந்த அழுத்தம் தாங்கணுமே! ரப்பர் வாஷர் கிடையாது, தோல் பட்டைதான். லைப்னிட்ஸ், அதாங்க கால்குலஸ் லைப்னிட்ஸ், ஹனோவர் அரண்மனை உத்தியோகஸ்தர். 1696-லயே ஆத்துத் தண்ணியை வெச்சுச் செய்யலாம்னு யோசனை சொன்னவர். ஆனா அவருக்கு முன்னாடியே ஒரு கெட்ட பேரு. ஹார்ஸ் மலைச் சுரங்கத்துல காத்தாடி வெச்சுத் தண்ணி இறைக்கறேன்னு இறங்கி, வருஷக்கணக்கா செலவு பண்ணி, 1685-ல கைவிட வேண்டியதாப் போச்சு. கணக்கு சரியா இருந்தும் காத்து ஒத்துழைக்கல. நம்ம தொழில்ல இதை தினமும் பார்க்கறோம்.

கடைசியில இங்கிலாந்து ஆட்களைக் கூட்டிட்டு வந்து, 1720-ல நீரூற்று 35 மீட்டரைத் தொட்டுச்சு. அந்தக் காலத்துல ஐரோப்பாவுல வேற எங்கயும் இந்த உசரம் இல்லைங்கறாங்க. 35 மீட்டர்னா பத்து மாடிக் கட்டடம். சந்தேகப்பிராணி அண்ணா, பரோக் அங்கதான் இருக்குதுங்க.

இப்ப ஓடறது 72 மீட்டர். காத்துத் தடையைக் கணக்குல எடுக்காம போட்டாலே, நாசிலை விட்டு வெளிய வர்றப்ப தண்ணி மணிக்கு 135 கிலோமீட்டர் வேகத்துல வரணும், குழாய்க்குள்ள ஏழு பார் அழுத்தம் நிக்கணும். கிட்ட நின்னு கேளுங்க. தண்ணி சத்தமாவே இருக்காது, லாரி டயர்ல காத்து இறங்கற சத்தம்.

கடைசிபெஞ்ச்

பம்ப்செட் அண்ணா, அட்டகாசம். அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அந்த சோஃபி அம்மா பார்த்துட்டுதான போனா?"ன்னு கேட்டாங்க. என்ன பதில் சொல்ல?

லைனக்கரை

பார்க்கேல்லை தம்பி. அதுதான் கதை.

சோஃபிக்கு அந்தத் தோட்டம் பிள்ளை மாதிரி. அரண்மனைகளை அவ பெரிசா எடுக்கேல்லை, தோட்டத்தைத்தான் முப்பது வருசத்துக்கு மேல பெருப்பிச்சவ. ஒவ்வொரு நாளும் நடப்பா, வேகமா நடப்பா. கூட நடக்கிற பொம்பிளையள் களைச்சுப் போவினமாம். 1701இல இங்கிலாந்துப் பாராளுமன்றம் சட்டம் போட்டது, ஆன் ராணிக்குப் பிறகு கத்தோலிக்கர் வரக்கூடாது, புரட்டஸ்தாந்துக்காரி சோஃபிக்கும் அவவின்ர பரம்பரைக்கும்தான் முடி எண்டு. ஆன் ராணி இவவை விட முப்பத்திநாலு வயசு இளையவ, ஆனால் நோயாளி. ஆர் முந்துவினம் எண்டு ஐரோப்பாவே பார்த்துக்கொண்டிருந்தது.

1714 ஜூனில ஆன் ராணியிட்ட இருந்து கோபமா ஒரு கடிதம் வருது. சோஃபிக்கு மனம் சரியில்லை. ஜூன் 8ஆம் திகதி பின்னேரம் தோட்டத்தில நடந்துகொண்டிருக்கிறா, சடாரெண்டு மழை. ஒதுங்கிறதுக்கு ஓடினவ, அப்பிடியே சரிஞ்சு, கூட வந்தவையின்ர கையிலயே போயிட்டா. வயசு 83. ஆன் ராணி செத்தது, ஹனோவர் நாட்காட்டிப்படி, ஆகஸ்ட் 12. பத்துக் கிழமைகூட இல்லை. முடி மகனுக்குப் போச்சு, அவர்தான் முதலாம் ஜார்ஜ். நீரூற்று ஆறு வருசம் பிந்தித்தான் எழும்பினது. லைப்னிட்ஸும் 1716இல போயிட்டார். யோசிச்ச ரெண்டு பேரும் பார்க்கேல்லை.

இன்னுமொண்டு. மகன் லண்டன் போனதாலதான் தோட்டம் தப்பினது எண்டு நான் சொல்லுவன். பேந்து வந்த காலத்தில ஐரோப்பா முழுக்க ஆங்கிலப் பாணி வந்திட்டுது, நேர்க்கோடெல்லாம் அழிச்சு வளைஞ்ச குளம், புல்வெளி எண்டு மாத்தினாங்கள். சோஃபியின்ர மகளுக்கு பெர்லினில சார்லட்டன்பேர்க் தோட்டம் இருந்தது, அதையும் மாத்தினாங்கள். இஞ்ச எசமான் லண்டனில. மூன்றாம் ஜார்ஜ் தன்ர ஆயுசில ஒருக்காக்கூட ஹனோவருக்கு வரேல்லை. ஆருமே இல்லாத வீட்டில ஆர் தளபாடம் மாத்துவினம்? தோட்டக்காரர் வேலியை வெட்டிக்கொண்டே இருந்தினம், அவ்வளவுதான்.

சந்தேகப்பிராணி

அக்கா, கதை நல்லா இருக்கு, மறுக்கல. ஆனா நானும் கொஞ்சம் படிச்சேன். 1936-ல நகராட்சி தோட்டத்தை வாங்கினப்ப அது பாழடைஞ்சு கிடந்திருக்கு. ஒரு வருஷத்துல சீர்படுத்தி 1937-ல திறந்தாங்க. எந்த ஆட்சின்னு சொல்ல வேண்டாம். சின்னச் சின்னதா இருக்கிற மாதிரித் தோட்டங்கள், புதிர்ப்பாதை எல்லாம் அப்ப சேர்த்தது. பெரிய பாத்தியோட கோலமும் அப்ப புதுசா வரைஞ்சது. 1943 அக்டோபர்ல குண்டு விழுந்து அரண்மனையே போச்சு. போட்டது பிரிட்டிஷ் விமானம், அதாவது அவங்க ராஜ வம்சத்தோட பூர்வீக வீட்டு மேல அவங்களே. இப்ப நிக்கிற அரண்மனை 2013-ல திறந்தது, உள்ள மாநாட்டு மண்டபம். சோஃபி நடந்த தோட்டம்னு எதைச் சொல்றீங்க?

லைனக்கரை

நீங்கள் சொன்னது எல்லாம் உண்மை. நான் ஒளிக்கேல்லை, நீளமாப் போகுது எண்டு விட்டனான்.

எங்கட ஊர்க் கோயில் தேர் 87இல எரிஞ்சது. பேந்து காசு சேர்த்துப் புதுசாச் செய்தது. மரம் வேற, ஆசாரி வேற. ஆனால் அதே வீதியால, அதே சந்தியில திரும்பி, அதே இடத்தில இருப்புக்கு வரும். அதை "நகல் தேர்" எண்டு எங்கட அம்மாவிட்டச் சொல்லிப் பாருங்கோ. இந்தத் தோட்டத்திலயும் அகழி அதே அகழி, பாதை அதே பாதை. வேலிச் செடி சாகும், புதுசு நடத்தான் வேணும், அது 1714இலயும் அப்பிடித்தான். மாதிரித் தோட்டங்களைப் பற்றி நீங்கள் சொல்லுறதை ஒத்துக்கொள்ளுறன், எனக்கும் அதுகளில பெரிய விருப்பம் இல்லை.

இலைக்காரி

தாவரவியல் படிச்சவ, தலையிடாம இருக்க முடியல. அந்தப் பாத்திகள்ல கோடு போடுறது பாக்ஸ்வுட்ங்கிற குட்டைச் செடி. பிரெஞ்சுக்காரங்க அந்த வடிவத்தை "எம்பிராய்டரி"ன்னே சொல்வாங்க. கிழக்கு ஆசியாவுல இருந்து வந்த ஒரு அந்துப்பூச்சியோட புழு, 2007 வாக்குல ஜெர்மனிக்குள்ள நுழைஞ்சதில இருந்து, ஐரோப்பா முழுக்க இந்தச் செடியை மொட்டையடிக்குது. பல தோட்டங்கள்ல வேற செடிக்கு மாறிட்டாங்க. அதனால சந்தேகப்பிராணி கேள்வி இனிமேலும் வந்துட்டேதான் இருக்கும்.

பூ வேணும்னா ரோட்டைக் கடந்து பெர்க்கார்ட்டன் போங்க. ஆர்கிட் கூடம் அருமை. நம்ம வீட்டு ஜன்னல்ல வைக்கிற ஆப்பிரிக்கன் வயலட் இருக்கே, அதுக்கு 1893-ல பேர் வெச்சு விவரிச்சவர் அங்க தலைமைத் தோட்டக்காரரா இருந்த ஹெர்மன் வெண்ட்லாண்ட். அந்தத் தோட்டத்தோட கடைசியில ஒரு சமாதி மண்டபம். சோஃபியும் மகன் ஜார்ஜும் இப்ப அங்கதான், போருக்கு அப்புறம் நகரத்து அரண்மனையில இருந்து கொண்டுவந்து வெச்சாங்க.

அம்மாவுக்குச் சொல்ல இன்னொரு கதை. உலகத்துல ரெண்டு இலை அச்சுஅசலா ஒண்ணுபோல இருக்காதுன்னு லைப்னிட்ஸ் சொல்லியிருக்கார். அரண்மனைக்காரர் ஒருத்தர் நம்பாம, இதே தோட்டத்துல தேடு தேடுன்னு தேடிக் கிடைக்காம திரும்பினாராம். ஹனோவர்க்காரங்க அந்த மகானை மறக்கல, பிஸ்கட்டுக்குப் பேர் வெச்சிருக்காங்க. ஓரத்துல 52 பல் இருக்கும், எண்ணிக்கோங்க.

பம்ப்செட்

பிஸ்கட்டுல பல் எண்ணற ஊர்லதான் பம்ப் ஒழுங்கா ஓடும்.

கடைசிபெஞ்ச்

போயிட்டு வந்தாச்சு. எல்லாருக்கும் நன்றி. ரிப்போர்ட்.

ரெண்டே காலுக்கு உள்ள போனோம். கிரோட்டோ முதல்ல. பழைய குகைக் கட்டடம், 1676-ல ஆரம்பிச்சது, நடுவுல பண்டகசாலையாவெல்லாம் கிடந்து, நிக்கி டி சான் ஃபால் வடிவமைப்புல 2003-ல திறந்தது. சுவர் முழுக்க கண்ணாடித் துண்டு, கூழாங்கல், கலர் கலரா குண்டுப் பொம்பளைகள். அம்மா ஒரு கண்ணாடித் துண்டுல தலைமுடியைச் சரிபண்ணிட்டு "நல்லாத்தான் இருக்கு, ஆனா ராணி காலத்துது இல்லைன்னு தெரியுது"ன்னு வெளிய வந்துட்டாங்க.

பெரிய பாத்தியில அவங்களை நகர்த்தவே முடியல. சிலைக்காக இல்ல. ரெண்டு தோட்டக்காரங்க வேலி வெட்டிட்டு இருந்தாங்க. ரெண்டு முளைக்கு நடுவுல நூல் கட்டியிருந்துச்சு. ஒருத்தர் வெட்டுறாரு, நாலடி நகர்றாரு, குனிஞ்சு ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறாரு, மறுபடி வெட்டுறாரு. அப்பா கொத்தனார் மேஸ்திரி, அம்மாவுக்கு நூல் கட்டுறதுன்னா தெரியும். "நூலைத் தொடாம வெட்டுறான் பாரு, தொட்டா நூல் விலகிடும்"னாங்க. இருபது நிமிஷம் அங்கேயே பெஞ்ச். அந்தத் தோட்டக்காரரும் இவங்க பார்க்கிறதைப் பார்த்துட்டு ஒரு சின்ன சல்யூட் வெச்சாரு.

மூணு மணிக்கு நீரூற்று. பம்ப்செட் அண்ணா, டயர் காத்து சத்தம், அதேதான்! முதல்ல தயங்கித் தயங்கி மரம் உசரத்துக்கு வந்துச்சு, அப்புறம் ஒரே மூச்சுல ஏறிடுச்சு. உச்சியில காத்து ஒரு பக்கமா கலைச்சு விட, பாதி பேர் நனைஞ்சுட்டாங்க. சந்தேகப்பிராணி, நீங்க ஒரு தடவை மே மாசம் வந்து பாருங்க, டிக்கெட் நான் எடுக்கிறேன்.

திரும்பி நடக்கும்போது நிஜமாவே மழை. பெரிய மழை. எல்லாரும் ஓடினாங்க. நான் "அம்மா, சீக்கிரம் வாங்க, அந்த மரத்தடிக்குப் போயிடலாம்"னேன். அம்மா நடையை இன்னும் மெதுவாக்கிட்டாங்க. "அந்தம்மா ஓடினதாலதான போனா. நீ வேணா ஓடு." நடுப்பாதையில, முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு, பிராகாரம் சுத்துற அதே நடை. நான் மரத்தடியில நிக்கிறேன், அவங்க என்னைக் கடந்து வாசலுக்கே போயிட்டாங்க. முட்டி வலின்னு ஒரு வார்த்தை வரல.

வழியில ரெண்டு லிண்டன் இலை பொறுக்கியிருக்காங்க. ட்ராம்ல ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்த்தாங்க. "இதுல ஒரு பல்லு அதிகம்"னு சொல்லிட்டு ரெண்டையும் கைப்பையில வெச்சுக்கிட்டாங்க.

சந்தேகப்பிராணி

டிக்கெட் ஆஃபர் எவ்வளவு நாள் செல்லும்?

லைனக்கரை

நனைஞ்சதுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஒண்டும் வரேல்லையே தம்பி? கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ.

கடைசிபெஞ்ச்

அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல அக்கா. ஓடிப்போய் மரத்தடியில நின்ன எனக்குத்தான் ரெண்டு நாளா காய்ச்சல். கஷாயம் அவங்கதான் வெச்சுக் குடுக்கிறாங்க.